ஆறுமணிக்குருவியும் சமணமலை வௌவாலும்

மாட்டுத்தாவணி என்ற பெயரை முதன்முதலாகக் கேட்கிற வெளியூர் இளைஞர்கள் பாவாடை தாவணியை நினைத்துக்கொண்டு சிரிப்பதுண்டு. அவர்கள் மீது குற்றமில்லை. மாடுகளை வரிசையாகப் பிணைக்கும் நீண்ட கயிற்றுக்குத் தாவணி என்று பெயர் இருந்ததும், அக்கயிறுகள் நீள நீளமாகக் கிடந்த மாட்டுச் சந்தைக்கும் அதுவே பெயராகி நிலைத்ததும், மாடு வாங்கப் போகும் வழக்கம் அற்றுப்போன ஒரு தலைமுறைக்கு எப்படித் தெரியும்? மாடுகள் நின்ற இடத்தில் இன்று பேருந்துகள் நிற்கின்றன. இரவும் பகலும் ஓயாத அந்த நிலையத்தில், ஓட்டுநர் நடத்துநர் எல்லோரையும்விட அதிகாரம் படைத்தவராக ஒருவர் இருக்கிறார். அவர்தாம் டைம் கீப்பர். அவர் ஊதலை ஊதினால் வண்டி நகர வேண்டும். இல்லையேல் பின்னால் நிற்கும் வண்டிக்காரர் சும்மா விடமாட்டார். மதுரையின் வனஜீவராசிகளைப் பற்றி எழுதப் புகுந்தவன் பேருந்து நிலையத்துக் காலக்கணக்கரிடம் தொடங்குவானேன் என்று வாசகர் கேட்கலாம். காரணம் உண்டு, சற்றுப் பொறுத்துச் சொல்லுகிறேன்.

நிலையத்தை விட்டு மேலூர்ச் சாலையில் சிறிது தூரம் சென்றால், படுத்திருக்கும் யானையின் வடிவத்தை அப்படியே கொண்ட யானைமலை கண்ணுக்கு முன் விரிகிறது. நகரத்தின் மேற்கே, பாம்பு போல் நெளிந்து நீண்டு கிடப்பது நாகமலை, தென்மேற்கே பசுமலை. சமணர்கள் மதுரையை அழிக்க ஏவிய யானையும் நாகமும் பசுவும் இறைவனுடைய திருவிளையாடலால் கல்லாய்ச் சமைந்தன என்பது தலபுராணம். புராணத்தின் சமயப் பூசலை ஒருபுறம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இம்மூன்று மலைகளுக்கும் வித்தியாபாக்கியம் நிறைய உண்டு என்பது புலப்படும். யானையின் காலடியில், ஒத்தக்கடையில், 1965-ஆம் ஆண்டில் வேளாண்மைக் கல்லூரி எழுந்தது. பசுவின் அடிவாரத்திலேதான் 1881-இல் அமெரிக்கன் கல்லூரி பிறந்தது. பின்னர் அது நகரத்துக்குள் குடிபெயர்ந்தது. நாகத்தின் சரிவிலோ, 1966-ஆம் ஆண்டில் தோன்றி, தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரை முதல் துணைவேந்தராகப் பெற்று, 1978-இல் காமராசர் பெயரையும் ஏற்றுக்கொண்ட மதுரைப் பல்கலைக்கழகம், சுமார் 750 ஏக்கர் நிலப்பரப்பில் அமைந்திருக்கிறது.

பல்கலைக்கழக வளாகம் என்றால் நமக்குக் கட்டடங்களும் தேர்வுகளும் பட்டமளிப்பு விழாக்களுமே நினைவுக்கு வருகின்றன. ஆயினும், ஏரும் கோடரியும் ஓயாது நடமாடும் ஒரு சமவெளிப் பிரதேசத்தில், அறுபது ஆண்டுக் காலம் உழவும் வெட்டும் இல்லாமல் வேலியிட்டுக் காக்கப்பட்ட நிலம் எதுவோ அது, காப்பவர் கருதினாலும் கருதாவிட்டாலும், உயிரினங்களுக்குப் புகலிடமாகிவிடும். சென்னை ஐ.ஐ.டி. 1959-இல் கிண்டிக் காட்டின் ஒரு பகுதியில் அமைக்கப்பட்டதனால் இன்றும் அங்கே மாணாக்கர் வகுப்புக்குப் போகும் வழியில் புள்ளிமான்கள் குறுக்கிடுகின்றன. வெளிமான்களும் அங்கே வாழ்கின்றன. 1937-இல் தாம்பரத்துக்கு மாறிய சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இரசாயனம் கற்பித்த எட்வர்ட் பார்ன்ஸ் என்ற ஆசிரியர், தம் பாடத்தைவிடத் தாவரங்களின்பால் ஈடுபாடு மிகுந்தவராய், அங்கிருந்த புதர்க்காட்டைப் பேணியும் மரங்களை நட்டும் அவ்வளாகத்துக்கு இன்றுள்ள நிழலைக் கொடுத்தார். மதுரையின் பெருமை மான்களால் வந்ததன்று. மதுரைக்கு வேறொரு பெருமை வாய்த்தது. அது தலைகீழாகத் தொங்குகிற பெருமை.

அதற்கு முன், பறவைகளிடம் சற்று நிற்போம். வறண்ட சமவெளியின் கல்லூரி வளாகங்களில் விடியற்காலத்தில் உலாவுகிறவனுக்குக் காணக் கிடைப்பவை அபூர்வமானவை அல்ல: கூட்டமாய்ச் சருகைக் கிளறி ஓயாமல் சச்சரவிடும் தவிட்டுக்குருவிகள், மின்கம்பியில் இரட்டை வாலைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கும் கரிச்சான், கொண்டையை விசிறி போல் விரித்து மடக்கும் கொண்டலாத்தி, புதருக்குள்ளிருந்து குடத்துக்குள் பேசுவது போல் குரலெழுப்பும் செம்போத்து, மனிதர் வரவை ஊருக்கெல்லாம் அறிவிக்கும் ஆள்காட்டி, 1963 முதல் தேசியப் பறவையாகிவிட்ட மயில். இவற்றை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் பார்த்தவர்களில் கவனித்தவர் எத்தனை பேர்? தவிட்டுக்குருவிகள் இரை தேடும்போது ஒன்று மட்டும் உயரமான கிளையில் அமர்ந்து காவல் பார்ப்பதையும், வல்லூறின் நிழல் தென்பட்டவுடன் அது கொடுக்கும் குரலுக்குக் கூட்டம் முழுவதும் புதருக்குள் மறைவதையும் காண்பதற்குத் தொலைநோக்கியும் வேண்டாம், வனத்துறையின் அனுமதியும் வேண்டாம். ஒரே மரத்தடியில் அரை மணி நேரம் அசையாமல் உட்காரும் பொறுமை இருந்தால் போதும். நம்மவர்க்கு இது ஒன்றுதான் கஷ்டமாக இருக்கிறது. நடந்துகொண்டே பார்ப்பதையே பார்த்தல் என்று எண்ணிவிட்டோம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலத்தில் வந்துசேரும் விருந்தாளி ஒன்று இக்கட்டுரைக்கு மிகவும் வேண்டியது. ஒன்பது வண்ணங்களைக் குழைத்துப் பூசியது போன்ற மேனியும் கத்தரித்துவிட்டாற் போன்ற குட்டை வாலும் உடைய அப்பறவை, வடக்கிலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் வருவது. பகலெல்லாம் மரநிழலில் சருகுகளினூடே புழுப் பூச்சிகளைத் தேடித் திரியும் அது பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. காலையில் ஒருமுறை, மாலையில் விளக்கு வைக்கும் வேளையை ஒட்டி ஒருமுறை, இரண்டு சுரத்தில் விசிலடிக்கும். அந்த நேரந்தவறாமையைக் கண்ட நம் கிராமத்து மக்கள் அதற்கு ஆறுமணிக்குருவி என்று பெயரிட்டார்கள். அதன் மேனியிலுள்ள ஒன்பது நிறங்களையும் விட்டுவிட்டு, அது காலம் தவறாத குணத்தையே பெயருக்கு எடுத்துக்கொண்ட அந்தப் பெயரறியாத அவதானியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை தோன்றுகிறது. ஏனெனில், அவன் கேட்ட கேள்விதான் நாகமலை அடிவாரத்துச் சர்வகலாசாலையில் விஞ்ஞானிகள் கேட்ட கேள்வியும்: பிராணிகளுக்கு மணி எப்படித் தெரிகிறது?

சூரியனைப் பார்த்துத் தெரிந்துகொள்கின்றன என்பது எளிதான விடை. ஆனால் எளிதான விடைகளுக்கு வழக்கமாக நேரும் கதியே இதற்கும் நேர்ந்தது. கல்லூரிச் சாலைகளின் இருமருங்கிலும் குடை பிடித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை மாலையில் பார்த்தவர்கள், அதன் இலைகள் கூம்பித் தொங்குவதை அறிவார்கள். வெளிச்சம் மங்குவதனால் கூம்புகின்றன என்று நினைப்பது இயல்பு. 1729-ஆம் ஆண்டில் பிரெஞ்சு வானசாஸ்திரியான டி மைரான், இதே சுபாவமுள்ள தொட்டாற்சிணுங்கிச் செடி ஒன்றை வெளிச்சம் நுழையாத இடத்தில் வைத்துப் பார்த்தார். சூரியனைக் காணாமலே அது பகலில் விரிந்து இரவில் கூம்பியது. ஆகவே செடிக்கு உள்ளேயே ஏதோ ஒரு கடிகாரம் ஓடுகிறது. அந்தக் கடிகாரத்தின் சக்கரங்கள் மூலக்கூறு அளவில் எப்படி இயங்குகின்றன என்பதைப் பழப்பூச்சியில் கண்டறிந்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. இடைப்பட்ட ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுச் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம் மதுரையில் எழுதப்பட்டது என்பதை மதுரைக்காரர்களிலேயே பலர் அறியார்.

அதை எழுதியவர்களில் முதல்வர் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன். ஜெர்மனியில் பழப்பூச்சிகளின் உள்கடிகாரத்தை ஆராய்ந்து திரும்பிய அவர், மதுரைப் பல்கலைக்கழகத்தில் பிராணிகளின் நடத்தையை ஆராயும் துறையை வளர்த்தார். விலையுயர்ந்த இயந்திரங்களை எதிர்பார்த்துக் காத்திராமல், எட்டும் தொலைவில் இயற்கை என்ன வைத்திருக்கிறது என்று அவர் சுற்றிப் பார்த்தார். சமீபத்திலேயே, கீழக்குயில்குடியில், சமணமலை இருந்தது. சமண முனிவர்கள் உலகத்தின் இரைச்சலை விட்டொதுங்கித் தவமிருந்ததும், பாறையிலே தீர்த்தங்கரர் உருவங்களையும் வட்டெழுத்துச் சாசனங்களையும் விட்டுச் சென்றதுமான மலை அது. அப்பகுதிக் குகைகளில், மூக்கின்மேல் இலை மடிந்தாற் போன்ற சதையுடைய, சுமார் பத்துக் கிராம் எடையுள்ள சிறு வௌவால்கள் கூட்டமாய் வாழ்ந்தன. நிரந்தர இருட்டும் மாறாத வெப்பமும் உள்ள குகை இடுக்கு, கோடிக்கணக்கில் செலவிட்டுக் கட்டினாலும் அமையாத ஒரு சோதனைக்கூடம். அதை இயற்கை இலவசமாகவே கொடுத்திருந்தது.

குகையின் உள்ளே பகலும் இரவும் ஒன்றே. அப்படியிருந்தும் வௌவால்கள் ஒவ்வொரு நாளும் அஸ்தமனத்தை ஒட்டிப் புறப்படுகின்றன, விடியுமுன் திரும்புகின்றன. மதுரையில் சூரியன் நவம்பரில் ஆறு மணிக்குச் சற்று முன்பே மறைந்துவிடும், ஜூலையில் 6.40 வரை நீடிக்கும். வௌவால்களின் புறப்பாடும் அதற்கேற்ப முன்னும் பின்னும் நகர்கிறது. புறப்படும் வேளை நெருங்கும்போது சில வௌவால்கள் குகைவாய் வரையில் பறந்து வந்து, வெளிச்சத்தை ஒரு நோட்டம் பார்த்துவிட்டு, இன்னும் பொழுது சாயவில்லை என்று கண்டு உள்ளே திரும்புவதுண்டு. வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகும் வீட்டுப் பெரியவர்களை நினைவூட்டும் காட்சி அது. சரி, எட்டிப் பார்த்தவைக்கு மணி தெரிகிறது. குகையின் ஆழத்தில் ஒளியே எட்டாத மூலையில் இருப்பவைக்கு?

இதற்கு விடை காணச் சந்திரசேகரனும் அவருடைய மாணவர் மாரிமுத்து முதலியோரும் செய்த சோதனை, எளிமையினால் அழகு பெற்றது. தனியொரு வௌவாலை, அதன் பறத்தலைப் பதிவுசெய்யும் கருவியோடு கூடிய கூண்டில் வைத்து, இருள் சூழ்ந்த குகைக்குள் விட்டார்கள். சுற்றிலும் அதன் இனத்தார் சுதந்திரமாக வந்துபோய்க்கொண்டிருக்கும் குகையில், கூண்டிலிருந்த வௌவால், ஒளியைக் காணாமலே, வெளியே பறப்பவை புறப்படும் நேரத்தில் தானும் சிறகடித்தது, நாட்கணக்கில் தவறவில்லை. தன் இனம் இல்லாத குகையில் வைக்கப்பட்ட வௌவாலும் கடிகாரத்தை இழந்துவிடவில்லை; ஆனால் அதன் நாள் இருபத்துநான்கு மணியிலிருந்து சற்று விலகி ஓடியதால், நாளடைவில் அது வெளியுலகத்தின் அந்தியோடு பொருத்தமற்றுப் போயிற்று. ஊரோடு ஒத்திருந்தவனுக்கு மணி சரியாக இருந்தது. தனித்துவிடப்பட்டவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகியது. ஒளி மட்டுமன்று, உறவினரின் சந்தடியும் உடற்கடிகாரத்தைத் திருத்தி வைக்கும் என்பதை இது நிரூபித்தது. 1981-இல் வெளியாகிய அந்த ஆராய்ச்சி, உலகத்து உயிரியல் நூல்களில் மேற்கோளாயிற்று. இன்னொரு நுட்பமும் உண்டு. வேறு குடும்பத்தைச் சேர்ந்த வௌவால் ஒன்றை இதே சந்தடிக்கிடையே வைத்துப் பார்த்தபோது, அது இந்த இரைச்சலைச் சட்டை செய்யவில்லை. மேலூர் வண்டிக்கு ஊதிய ஊதலுக்குத் தேனி வண்டி நகராதல்லவா?

டைம் கீப்பரிடம் தொடங்கிய காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

இதே கேள்வியோடு மனிதர்களையும் அப்பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள்: கடிகாரமோ, சாளரமோ, செய்தித்தாளோ இல்லாத தனியறையில் தன்னார்வத்துடன் வாரக்கணக்கில் தங்கியவர்களின் தூக்கமும் விழிப்பும் எப்படி இடம் மாறுகின்றன என்று கணக்கெடுத்தார்கள். தேர்வுக்காலத்து விடுதி மாணவர்கள் இந்தச் சோதனையை ஆண்டுதோறும் சொந்தச் செலவிலேயே செய்துகொள்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

வௌவால்களின் கீர்த்தி ஜெர்மனிக்கு எட்டி, அங்கிருந்து கெர்ஹார்ட் நாய்வைலர் என்ற விஞ்ஞானி மதுரைக்கு வந்து, இங்குள்ளவர்களோடு சேர்ந்து இரவுகளைக் கழித்தார். நமக்கு வெறும் இருட்டாகத் தோன்றும் மதுரை வானம், வௌவால்களுக்கு மாடி மாடியாகப் பிரிக்கப்பட்ட மாளிகை என்பதை அவர்கள் காட்டினார்கள். ஓர் இனம் மிக உயரத்திலே திறந்தவெளியில் வேட்டையாடுகிறது. மற்றொன்று மரத்தலைகளுக்கு மேலே. இன்னொன்று இலைகளுக்கு அருகில். ஒன்று தரையை ஒட்டி. ஒவ்வொன்றின் குரலும் அது வாழும் மாடிக்குத் தக்கதாய் அமைந்திருக்கிறது: வெட்டவெளியில் பறப்பதற்குத் தொலைவு செல்லும் தாழ்ந்த சுருதி, செடிகொடிகளுக்கிடையே பறப்பதற்கு நுட்பம் காட்டும் உயர்ந்த சுருதி. நம் செவி நொடிக்கு 20,000 அதிர்வுகளோடு நின்றுவிடுகிறது. இலைமூக்கு வௌவாலின் குரலோ 1,30,000 அதிர்வுகளை ஒட்டியது. நாம் அமைதியான இரவு என்று சொல்லிக் கண்ணயரும் நேரத்தில் தலைக்கு மேல் பெரும் கூச்சல் நடக்கிறது.

தரையை ஒட்டிப் பறப்பதாகச் சொன்னேனே, அது இரத்தம் குடிக்காமலே இரத்தக்காட்டேரி என்ற பழியைச் சுமக்கும் பெருங்காது வௌவால். தவளை, எலி, பல்லி இவற்றைப் பிடித்துண்பது. மாரிமுத்துவும் நாய்வைலரும் 1987-இல் வெளியிட்ட சோதனையின்படி, முழு இருட்டிலும் துள்ளும் தவளையை அது தவறாமல் கவ்வியது. அசையாமல் கிடந்த தவளையைக் கண்டுகொள்ளவே இல்லை. செத்த தவளையைக் கயிறு கட்டி இழுத்தபோதோ பாய்ந்து வந்து பற்றியது. தவளையின் உருவம் அதற்குப் பொருட்டல்ல. தரையில் அது எழுப்பும் சலசலப்பே இரை. மழை பெய்த இரவில் வளாகத்துப் பள்ளங்களில் தவளைகள் கச்சேரி நடத்தும்போது, திடீரென்று ஒரு மூலை மட்டும் மௌனமானால், அங்கே யாரோ ரசிகர் வந்திருக்கிறார் என்று ஊகிக்கலாம்.

பழந்தின்னி வௌவால்களைக் காணக் குகைக்குப் போகவேண்டியதில்லை. விடிந்தவுடன் வாதுமை மரத்தடியில் சப்பிப் போட்ட காய்களும் தாழ்வாரத்துச் சுவரில் தெறித்த கறைகளும், இரவு விருந்தின் எச்சங்கள். குறுமூக்குப் பழந்தின்னியின் ஆண், பனைவகை மரத்தின் பூங்கொத்தையோ படர்கொடியின் தண்டுகளையோ வாரக்கணக்கில் கடித்துக் கடித்துக் கூடாரம் போல் ஒரு குழிவு அமைத்து, அதிலே பல பெண் வௌவால்களைக் குடியேற்றுகிறது. பாளையங்கோட்டையைச் சேர்ந்த கல்லூரி ஆசிரியர்கள் இதை ஆராய்ந்து 1995-இல் வெளியிட்டார்கள். இலுப்பைப் பூவிலும் இலவம் பூவிலும் தேனருந்தி மகரந்தத்தைச் சுமந்து செல்லும் இந்தப் பிராணிகளை நம் நாட்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் எலி, காக்கையோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்தது. அந்தப் பட்டியலை ஒழிக்க ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. சட்டம் எழுதியவர்களைவிடக் கிராமத்தார் விவேகிகளாக இருந்தார்கள் என்றே சொல்லவேண்டும். புளியங்குளம் என்னும் சிற்றூரில், ஆலமரத்தில் தொங்கும் பெரிய வௌவால்களை முனியின் காவலில் உள்ளவை என்று நம்பி, ஒருவரும் கை வைக்காமல் ஊரார் காத்துவந்ததை மாரிமுத்துவே எழுதியிருக்கிறார்.

அருகிலிருப்பதைக் கவனியாமல் விடுவது பாமரரின் பிழை மட்டுமன்று. அக்காலத்து மதுரை ஜில்லாவின் மேகமலையில், 1948-இல், ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டத்துரை ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்து அனுப்பினார். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்து அலமாரியில் அது சாதாரணக் குறுமூக்கு வௌவால் என்ற சீட்டோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா எடுத்துப் பார்த்தபோதுதான், அது உலகம் அறியாத ஒரு தனிப் பேரினம் என்பது தெரிந்தது. 1972-இல் அதற்குப் பறவை அறிஞர் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். வல்லுநர்களின் அலமாரியிலேயே இது நடக்குமானால், நம் வீட்டுக் கொல்லைப்புறத்தை நாம் அறிந்தோம் என்று எப்படிச் சொல்வது?

தொடங்க விரும்புவோர்க்கு இரண்டொரு வார்த்தை. நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். தேதி, நேரம், இடம், எண்ணிக்கை ஆகியவற்றை எழுதாத அனுபவம் ஒரு மாதத்தில் கரைந்துபோகும். தமிழ்நாட்டில் 2015 முதல் ஒவ்வொரு பொங்கலிலும், நாடெங்கும் கல்லூரி வளாகங்களில் பிப்ரவரியிலும், பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள்; ஓரிடத்தில் கால் மணி நேரம் நின்று கண்டதை எண்ணத் தெரிந்த எவரும் கலந்துகொள்ளலாம். வளாகத்துக்குள் நுழைய முன்கூட்டி அனுமதி பெறுவது முறை. குகைகளுக்குள் பகலில் விளக்கோடு நுழைவதை நான் ஒருபோதும் ஆதரியேன். குட்டியைச் சுமந்திருக்கும் தாய் வௌவால்கள் கலைந்தால் குட்டிகள் விழுந்து மடியும், தொல்லை மிகுந்தால் கூட்டமே இடத்தை விட்டுப் போய்விடும். வெளியே நின்று அந்தியில் பார்ப்பதே மரியாதை. மேலூர்ப் பக்கம் போகிறவர்கள், 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியின் பாறைகளில் வேட்டைப் பருந்துகளையும் கண்டு திரும்பலாம்.

சென்ற கார்த்திகையில் ஒரு மாலை, கீழக்குயில்குடித் தாமரைக் குளத்தங்கரை ஆலமரத்தடியில், கல்லூரி மாணவர் ஒருவரோடு காத்திருந்தேன். அவர் ஐந்தரை மணி முதல் கைக்கடிகாரத்தையும் மலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கருப்பசாமி கோயிற்படியில் விளக்கேற்றினார்கள். மலைமுகட்டில் செம்மை மங்கியது. ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த மூதாட்டி ஒருத்தி எங்களைக் கண்டு நின்றாள்.

"இந்நேரத்துல என்னத்தப்பா பாக்குறீக?"

"வௌவால் கிளம்புறதைப் பாக்கணும் ஆத்தா. இன்னும் காணோம். மணி ஆறே கால் ஆகப்போகுது."

அவள் கடிகாரத்தையும் பார்க்கவில்லை, மலையையும் பார்க்கவில்லை. எங்கள் தலைக்கு மேலே விரலை நீட்டினாள். மங்கிய வானத்தில் ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியாதபடி, சத்தமேயின்றிச் சென்றுகொண்டிருந்தன.

"அதுக கிளம்பித்தான் நானும் ஆட்டைத் திருப்புனேன்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். நாலடி போனவள் திரும்பி, "பஸ்ஸை விட்டுறாதீகப்பா, அது நமக்காக நிக்காது" என்றாள்.